தட்டைத் தூங்க வைக்கும் வித்தை

2002-ல் பிரான்சின் ஆர்க்கோஸ் நிறுவனம் ‘ஜூக்பாக்ஸ் மல்டிமீடியா’ என்ற கையடக்க வீடியோ கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையில் எடுத்தால் கனக்கும் பெட்டி. படம் பார்க்கக் கொடுத்த திரையோ 1.5 அங்குலம். மறு ஆண்டே அதன் ஏவி300 வரிசை 3.8 அங்குலத் திரையுடன் வந்தது. தனி இணைப்பு ஒன்றைச் செருகினால் டிவி நிகழ்ச்சியை நேரடியாகப் பதிவும் செய்தது. ஆர்சிஏ நிறுவனத்தின் லைராவும் அதே ஆண்டு 20 ஜிபி டிஸ்க்கோடு களத்தில் இறங்கியது. 2004-ல் மைக்ரோசாஃப்ட் மென்பொருளுடன் கிரியேட்டிவ், சாம்சங், ஐரிவர் கருவிகள் வந்தன. 2005 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாடும் வீடியோ காட்டத் தொடங்கியது.

இவற்றை நினைவுகூர்பவர்கள் திரையின் அளவையும் ஜிபி கணக்கையும்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், உள்ளே நடந்த சுவாரசியமான போராட்டம் வேறு. ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 4,200 முறை சுழலும் ஒரு தட்டை எவ்வளவு நேரம் சுழலவிடாமல் வைத்திருக்க முடியும் என்பதே அது.

முதலில், ஹார்ட் டிஸ்க் ஏன் தேவைப்பட்டது என்று பார்த்துவிடலாம். 640 × 480 புள்ளிகள் கொண்ட படம், நொடிக்கு 25 பிரேம். நிறத் தகவலைக் கண் அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை என்பதால் அதைக் குறைத்து, ஒரு புள்ளிக்குச் சராசரியாக ஒன்றரை பைட் என்று வைத்தாலும் நொடிக்கு 11.5 எம்பி ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு 41 ஜிபிக்கு மேல். 20 ஜிபி டிஸ்க் அரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். எம்பெக்-4 என்ற வீடியோ சுருக்க முறையில் நொடிக்கு 1.2 மெகாபிட் அளவுக்குச் சுருக்கினால், ஒரு மணி நேரப் படம் 540 எம்பியில் அடங்கும். அதே டிஸ்க்கில் 37 மணி நேரம் வைக்கலாம். அப்படிச் சுருக்கிய படத்துக்குக்கூட அன்றைய மெமரி கார்டுகளில் இடமும் போதாது, விலையும் கட்டுப்படியாகாது. மிச்சமிருந்த வழி சுழலும் தட்டு ஒன்றுதான்.

அந்தத் தட்டைச் சட்டைப்பை அளவுக்குக் கொண்டுவந்ததில் இயற்பியலின் பங்கு பெரியது. காந்தப் புலம் மாறும்போது மிக மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை பெருமளவு மாறுவதை 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் கிரூன்பெர்க் இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 1997-ல் ஐபிஎம் இதை டிஸ்க்கின் படிக்கும் முனையில் பயன்படுத்தியது. முனை கூர்மையானதும், அதுவரை படிக்க முடியாத அளவுக்குச் சிறிய காந்தப் பொட்டுகளையும் படிக்க முடிந்தது. அதே பரப்பில் பல மடங்கு தகவல் ஏறியது. 1.8 அங்குலத் தட்டில் 20 ஜிபி, 30 ஜிபி என்றெல்லாம் வந்தது அதன் பிறகுதான். இருவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சுருக்கும் வேலைக்கு வருவோம். எம்பெக் முறை ஒவ்வொரு பிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம். இடையில் வருபவை எல்லாம் ‘முந்தைய படத்தின் இந்தத் துண்டு இங்கே நகர்ந்தது, மிச்ச வேறுபாடு இவ்வளவு’ என்ற குறிப்புகள். ஒரு துண்டு 16 × 16 புள்ளிகள். இந்தக் குறிப்புகளைப் படித்துப் படத்தை மீட்டெடுப்பது எளிது: சொன்ன இடத்திலிருந்து எடுத்து, வேறுபாட்டைக் கூட்டி ஒட்டினால் போதும். குறிப்பை எழுதுவதுதான் கடினம், ஏனெனில் துண்டு எங்கிருந்து நகர்ந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாத் திசையிலும் 15 புள்ளி தூரம் வரை தேடினால் 961 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 புள்ளிகளை ஒப்பிட வேண்டும். 640 × 480 படத்தில் 1,200 துண்டுகள், நொடிக்கு 25 படம். பெருக்கினால் நொடிக்கு 700 கோடிக்கும் மேற்பட்ட ஒப்பீடுகள்! சில நூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தாண்டாத அன்றைய கையடக்க சிப்புகளால் இது நடக்காத காரியம். அதனால் குறுக்கு வழிகள் பிறந்தன: நாலைந்து இடங்களை மட்டும் சோதித்து, எது நெருக்கமாக இருக்கிறதோ அதைச் சுற்றி மறுபடி தேடுவது, புள்ளிகளைக் குறைப்பது.

புள்ளிகளைக் குறைக்க அன்றைய டிவியே ஒரு வசதி செய்து கொடுத்திருந்தது. அனலாக் டிவி ஒரு படத்தை ஒரே மூச்சில் வரைவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை. 480 வரிகள் கொண்ட அமெரிக்க முறையில் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறு பாதியை வீசிவிட்டால் 240 வரிகள். அகலத்தையும் பாதியாக்கினால் 320 × 240. அந்தக் காலத்துச் சிறிய திரைகள் பலவற்றின் அளவும் அதுவே. கால்வாசிப் புள்ளிகள், கால்வாசி வேலை. வெவ்வேறு கணத்தில் எடுத்த இரு பாதிகளும் சேரும்போது அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல்போலத் தெரியும் கோடுகளும் வராது. சிறிய திரையில் பார்த்தவருக்கு இழப்பு உறைக்கவில்லை. அந்தப் பதிவையே பெரிய டிவியில் போட்டுப் பார்த்தவருக்குத்தான் உறைத்தது.

இனி தட்டின் தூக்கம். டிஸ்க் சுழன்றுகொண்டே இருந்தால் பேட்டரி தாங்காது. அதனால் மோட்டார் சிறிது நேரம் ஓடி மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டு நிற்பதைப்போல, டிஸ்க் விழித்து, மெமரி சிப்பை நிரப்பிவிட்டு, சுழற்சியை நிறுத்திக்கொள்ளும். கருவி மெமரியிலிருந்து எடுத்து ஓட்டும். 2001-ல் வந்த முதல் ஐபாடில் 32 எம்பி மெமரி இருந்தது. டிஸ்க்கைத் தொடாமல் 20 நிமிடம் பாடும். வீடியோவுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. மற்ற வேலைகளுக்குப் போக 24 எம்பி மிச்சம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 1.5 மெகாபிட் ஓடும் படம் அதை இரண்டே நிமிடத்தில் தீர்த்துவிடும். டிஸ்க் மீண்டும் விழிக்க வேண்டும்.

30 ஜிபி வீடியோ ஐபாடுக்கு ஆப்பிள் சொன்ன பேட்டரிக் கணக்கு: பாட்டு 14 மணி நேரம், வீடியோ 2 மணி நேரம். இதைப் பார்த்ததும் பழியைத் தட்டின் மேல் போடத் தோன்றும். ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. தட்டு வேகம் பிடிக்கச் சில நொடிகள், 24 எம்பியைப் படிக்க இன்னும் சில நொடிகள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை விழித்தாலும் பெரும்பாலான நேரம் அது தூங்கத்தான் செய்கிறது. பேட்டரியை உறிஞ்சியவை எந்நேரமும் எரியும் திரை விளக்கும், ஓய்வில்லாமல் படத்தை விரிக்கும் சிப்பும்தான். பாட்டுக் கேட்கும்போது திரை அணைந்தே கிடக்கும்.

படத்தைத் தாவிப் பார்க்கத் தொடங்கினால் இந்த ஏற்பாடு குலைகிறது. பத்து நிமிடம் முன்னே போ என்றால், மெமரியில் இருப்பது எதற்கும் உதவாது. தூங்கும் தட்டு எழுந்து வேகம் பிடித்து, முனை சரியான இடத்துக்குப் போய், அருகிலுள்ள முழுப் படத்தைத் தேடி எடுத்த பிறகே திரை அசையும். பொத்தானை அழுத்தியபின் கருவி உறைந்து நிற்பதுபோல் இருந்த அந்த நொடிகளுக்குக் காரணம் இதுதான். பொறுமையிழந்து இன்னொரு முறை அழுத்தினால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

பதிவு செய்யும்போது இதே ஏற்பாடு தலைகீழாக வேலை செய்கிறது: மெமரியில் சேர்வதைச் சேரவிட்டு, பிறகு மொத்தமாகத் தட்டில் எழுதுவது. வித்தியாசம் ஒன்றுண்டு, அது சாதாரண வித்தியாசமல்ல. படம் ஓடும்போது மெமரி காலியானால் படம் ஒரு கணம் நிற்கும், பிறகு தொடரும். பதிவின்போது மெமரி நிரம்பி வழிந்தால் போன காட்சி போனதுதான், டிவி காத்திருக்காது. அதனால் பதிவுக் கருவி மெமரி நிரம்புவதற்கு வெகு முன்பே டிஸ்க்கை எழுப்பியாக வேண்டும். குலுக்கலில் ஒரு முறை எழுதுவது தவறினால் மறுபடி எழுதவும் இடைவெளி வேண்டும். தூக்கம் அங்கே குறைகிறது.

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறையும் தன் பங்குக்குப் படுத்தும். இந்தக் கருவிகளில் பல ஃபேட்32 முறையில் எழுதின. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஏவிஐ வகைக் கோப்பில் எந்த பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். பாதிப் பதிவில் பேட்டரி தீர்ந்தால் அட்டவணை எழுதப்படாமலே போகும். படம் தட்டில் பத்திரமாக இருக்கும், ஆனால் அதற்குள் தாவிச் செல்ல வழி இருக்காது. அட்டவணையைப் புதிதாகக் கட்டித் தரும் மென்பொருளைத் தேட வேண்டும்.

தூக்கத்தால் இன்னொரு லாபம் உயிர்ப் பாதுகாப்பு. சுழலும் தட்டுக்கு மேல் முனை மிதப்பது சில நானோமீட்டர் காற்றுப் படலத்தில். தட்டின் சுழற்சியே அந்தக் காற்றை இழுத்து வருகிறது. காற்று மெலிந்தால் முனை தாழ்ந்துவிடும் என்பதால், இத்தகைய டிஸ்க்குகளை இயக்குவதற்குப் பொதுவாகச் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரைதான் அனுமதி. தூங்கும்போது முனை தட்டை விட்டு விலகி, ஓரத்திலுள்ள சாய்தளத்தில் ஏறி நின்றுகொள்ளும். அப்போது அடி விழுந்தாலும் முனை தட்டைக் கீறாது. விழித்திருக்கும்போது கைதவறினால்? ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட 0.45 நொடி ஆகும். விழும் பொருளுக்குள் இருக்கும், முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி பூஜ்யத்துக்கு அருகில் காட்டும். அதை வைத்து ‘விழுகிறோம்’ என்று கணித்து, தரையைத் தொடுமுன் முனையை ஒதுக்கிவிடலாம். ஐபிஎம் 2003-ல் தன் மடிக்கணினிகளில் இதைப் போன்ற பாதுகாப்பைச் சேர்த்தது.

பிறகு ஃபிளாஷ் மெமரியின் விலை சரிந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஐபாடில் கடைசித் தட்டு 2014 வரை நீடித்தது. பழைய கருவிகளை இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஓர் இணைப்புப் பலகையின் வழியே ஃபிளாஷ் கார்டைப் பொருத்துகிறார்கள். எடை குறைகிறது, பேட்டரி கூடுதல் நேரம் தாங்குகிறது. கருவியின் மென்பொருளுக்கு மட்டும் இந்த மாற்றம் தெரியாது. அது பழைய வழக்கப்படி மெமரியை நிரப்பிவிட்டு, அங்கே இல்லாத தட்டுக்குச் சுழற்சியை நிறுத்தச் சொல்லி ஆணை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.