நனைந்த ஜெர்க்கின் குளிருக்கு உதவாது

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு அப்பா எங்கள் அவசரப் பிரிவுக்குள் ஓடிவந்தார். பைக்கில் ஊட்டிக்குப் போகிற வழி, பர்லியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, பையன் முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறான். உதடு நீலம் பாரித்திருந்தது, பெயர் கேட்டால் நாக்கு குழறியது, உடல் வெப்பம் 34.6 டிகிரி செல்சியஸ். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நல்ல கனமான ஜெர்க்கின்தான் டாக்டர் போட்டுவிட்டேன், 1,800 ரூபாய்."

இரண்டு மணி நேரத்தில் பையன் தேறிவிட்டான். ஆனால் இந்த மழைக்காலத்தில் இதே மாதிரி வருகிற மூன்றாவது குழந்தை இது. குன்னூரில் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு சீசனிலும் அதே ஜீன்ஸ், அதே காட்டன் டீ-சர்ட், அதே பஞ்சு வைத்த ஜெர்க்கின். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்க்கின் சூடு தராது. தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். சூடு உங்கள் உடம்பிலிருந்துதான் வருகிறது. துணிக்குள் அடைபட்ட காற்று அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பஞ்சு நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்கிறது, தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஆக எவ்வளவு கனமான ஜெர்க்கினோ அவ்வளவு தண்ணீர் குடிக்கும், குழந்தை மேல் ஈரத் துணியைச் சுற்றி எதிர்காற்றில் பிடித்தது மாதிரிதான். "நம்ம ஊரில் என்ன பெரிய குளிர், பனியா கொட்டுகிறது" என்று கேட்கிறார்கள். பனி கொட்ட வேண்டாம். 15 டிகிரியில் நனைந்து, காற்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறுவதற்குள் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் கூடுகிறது, வெயில் நாளிலேயே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்துவிடும்.

உடம்பின் உள்வெப்பம் 35-க்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. (பழைய பாதரச தெர்மாமீட்டரில் அளவே 35-இல்தான் தொடங்கும், அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.) நடுக்கம் வந்தால் பரவாயில்லை, உடம்பு இன்னும் போராடுகிறது. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவர் துணி மாற்றாமலேயே நடுக்கம் நின்று, தடுமாறி, குழறிப் பேச ஆரம்பித்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்திருக்கிறார் என்று நினைத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் போன நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்த பிராந்தி. ஒரு மூடி குடித்தால் சூடாகும் என்று யார் சொன்னார்களோ தெரியாது, அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து, இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும். வேண்டவே வேண்டாம். ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைச் சுற்றி, நல்ல நினைவோடு இருந்தால் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுங்கள்.

சரி, என்ன வாங்குவது? உடம்பை ஒட்டி பாலியஸ்டர் டீ-சர்ட், ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுவது மாதிரி. அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியஸ்டர் துணி). கம்பளி ஈரமானாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும். எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு, கோட்டும் பேன்ட்டும் தனித்தனியாக இருக்கிற ரகம். லேபிளில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றிருந்தால் அது தூறலுக்குத்தான், மலை மழைக்கு 'வாட்டர்ப்ரூஃப்' வேண்டும். கடையிலேயே உள்பக்கம் திருப்பி, தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தையல் ஓட்டை வழியாக இறங்கும். போர்வை மாதிரி தொங்குகிற ரெயின்கோட்டை பைக்கில் போடாதீர்கள், அதன் நுனி சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்களுக்கும் நாங்கள்தான் தையல் போடுகிறோம். கறுப்பு நிறமும் வேண்டாம், மூடுபனியில் பின்னால் வருகிற பஸ் டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

இனி பை. அந்த அப்பாவிடம் மாற்றுத் துணி இருந்தது, அதுவும் பைக்குள்ளேயே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பைக்கு மேல் போடுகிற ரெயின் கவர் முன்பக்கத்தைத்தான் காக்கும், முதுகை ஒட்டிய பக்கம் திறந்தே கிடக்கிறது, காலரில் வழிகிற தண்ணீர் நேராக அங்கே இறங்கும். அதனால் துணி எல்லாவற்றையும் வாயைச் சுருட்டி மூடுகிற, தண்ணீர் புகாத டிரை பேக் ஒன்றில் போட்டு, அதைப் பைக்குள் வையுங்கள். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் கவருக்குத் தடை, இதைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் பை தாராளம். மார்புப் பட்டையும் இடுப்புப் பட்டையும் இருக்கிறதைப் பார்த்து வாங்குங்கள். மழைக்கோட்டு வழுவழுப்பில் பையின் தோள் வார் வழுகி, ஒரு கையால் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே கொண்டை ஊசி வளைவு திரும்புகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. மழைக்கோட்டை மட்டும் பையின் அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள்.

நனைந்த பிறகு அதை மாட்டிப் பயனில்லை. கல்லாறு வந்ததும், வானம் வெளுத்திருந்தாலும், வண்டியை ஓரம் கட்டிப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். குழந்தையை டேங்க் மேல் உட்கார வைக்காதீர்கள், காற்றும் மழையும் முதலில் அடிப்பது அதன் நெஞ்சில்தான். சின்ன உடம்பு நம்மைவிட சீக்கிரம் சூட்டை இழக்கும். அம்மா அப்பாக்களே, கெஞ்சிக் கேட்கிறேன், மழை மாதங்களில் பைக்கை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு, பிள்ளையோடு பஸ்ஸில் ஏறி வாருங்கள்.