குதிரைத் தோலை நனைப்பதற்கு முன்

போன மாதம் ஒரு தம்பி சுருட்டிய தோலோடு பட்டறைக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த குதிரைத் தோல். "மாஸ்டர், இதுல ஒரு பெல்ட் முழுக்கப் பூவேலை செய்யணும். எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். நனைத்த தோலில் கத்தியால் கோடு கிழித்து, தட்டிப் பூ செதுக்கும் வேலை அது. நான் விலை சொல்லவில்லை. ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுத்தேன். தடம் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டது. "இதில் வேலை நிற்காது தம்பி" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் என் பழைய முகம் நினைவுக்கு வந்தது.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். "வெஜிடபிள் டேன்", அதாவது மரப்பட்டைத் துவரில் பதனிட்டது, என்று சொல்லி விற்றார்கள், வாங்கினேன். நனைத்தேன், விரலில் சுழலும் ஸ்விவல் கத்தியால் கோடு கிழித்தேன், கோட்டின் ஓரத்தை அமுக்கிச் சரிக்கும் பெவலர் என்ற அச்சை வைத்துத் தட்டினேன். பள்ளம் அழகாகத்தான் விழுந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இதழெல்லாம் மறுபடி சமமாக எழும்பி நின்றது. பிறகு ஒரு துண்டை வெட்டி ஓரத்தைப் பார்த்தேன். மேலே பழுப்புச் சாயம், நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம். குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல்! அந்த வெட்டை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

பூவேலைக்கு விலங்கின் பெயரைவிடப் பதனிட்ட முறைதான் முக்கியம். மரப்பட்டையின் துவர் ஏறிய தோலில் நார்களுக்கு இடையே துவர் நிறைந்து கிடக்கும். ஈரத்தோடு அழுத்தினால் அழுத்திய இடத்திலேயே படிந்து, காய்ந்ததும் அப்படியே இறுகும். ஆவாரம் பட்டையில் ஊறிய தோலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குரோம் உப்பில் பதனிட்டது மென்மையாக, ஸ்பாஞ்சு போலத் துள்ளும். ஜாக்கெட்டுக்கு அது நல்ல குணம், நமக்கு எதிரி. இரண்டும் கலந்து பதனிட்டதும் உண்டு. முதலில் குரோம், அப்புறம் பட்டைத் துவர். லேபிளில் "வெஜ் ரீடேன்" என்று இருந்தால் 'வெஜ்' என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள், அது இந்தக் கலப்பு வகை.

சந்தேகமாக இருந்தால் நகம் அளவு துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். பட்டைத் துவர்த் தோல் சுருண்டு, சுருங்கி, விறைத்துவிடும். குரோம் தோல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கொளுத்திப் பார்த்துச் சாம்பல் நிறத்தைக் கவனிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் 'குரோமியம் ஆறு' என்ற, புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்துக்கு மாறக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் உடலில் படும் தோல் பொருட்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்க முடியாது. அதைப் புகையாக மூச்சில் இழுப்பானேன்?

சரி, பட்டைத் துவர்தான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த கேள்வி: குதிரையின் எந்தப் பகுதி?

முன்பாதி மெல்லியது, இழுபடும். கையுறை, ஜாக்கெட் எல்லாம் இதில்தான். அமெரிக்காவில் பேஸ்பால் பந்துக்கே ஒரு காலத்தில் குதிரைத் தோல்தான் உறை. தட்டுப்பாடு வந்ததால் 1974ல் மாட்டுத் தோலுக்கு மாறினார்கள். பூவேலைக்கு நாம் தேடுவது பின்பாதி. இத்தாலியின் டஸ்கனி பக்கத்திலிருந்து பட்டைத் துவரில் பதனிட்ட பின்பாதித் தோல் வருகிறது. நல்ல சரக்கு. ஆனால் அதற்குள் ஒரு சூது இருக்கிறது. புட்டத்தின் இரு பக்கமும், மேல்தோலுக்கு அடியில், நார் மிக நெருக்கமான ஒரு படலம் உண்டு. 'ஷெல்' என்பது அதைத்தான். அதை எடுக்காமல் விட்ட தோலில் வெட்டிய ஒரே வாரின் ஒரு முனை பலகை போலவும் மறுமுனை சப்பாத்தி போலவும் இருக்கும். ஒரே அடியைத் தட்டினால் இங்கே கோடு, அங்கே குழி. வெட்டும் முன் தோலை இரு கையிலும் பிடித்து நீளவாக்கில் வளைத்துக்கொண்டே போனால் எங்கே விறைக்கிறது என்று கை சொல்லிவிடும். நான் அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைப்பேன்.

நனைப்பதில்தான் மாட்டுத் தோல் பழக்கம் நம்மைக் கவிழ்க்கும். மாட்டுத் தோலை நனைத்து ஒரு மணி நேரத்தில் கத்தி வைத்துவிடலாம். குதிரையின் நெருக்கமான நாருக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். மேல் பக்கம் ஈரமாக, நடு வயிறு காய்ந்து கிடக்கும். கத்தி முதலில் வழுக்கும், பிறகு கரகரவென்று இழுக்கும். நான் முதலில் சதைப் பக்கத்தை ஸ்பாஞ்சால் நனைக்கிறேன், பிறகு மேல் பக்கம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி ராத்திரி முழுக்க வைத்துவிடுகிறேன். காலையில் வெளியே எடுத்து, பழைய நிறம் திரும்பும்வரை காத்திருக்கிறேன். கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது.

பிறகும் ஆழத்துக்கு ஆசைப்படக் கூடாது. இரண்டரை மில்லிமீட்டர் தோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் கத்தியை இறக்குவதில்லை. சிறிய, வழவழப்பான பெவலர். லேசான தட்டு, இரண்டு மூன்று சுற்று. அமெரிக்காவின் வயோமிங்கில் ஷெரிடன் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் அடர்த்தியான பூவும் சுருள் கொடியும் தடித்த மாட்டுத் தோலில் வளர்ந்த வேலை. அதைக் குதிரையின் மேல் ஏற்றினால் ஏதோ பூ வெயிலில் வாடியது போல இருக்கும். கூடைப் பின்னல் அச்சு, மெல்லிய கரை, எழுத்து என்றால் இதன் கூர்மை வேறு எதிலும் கிடைக்காது. கத்தி உறை போல நனைத்து அச்சுக்கு இழுத்து வடிவமைக்கும் வேலைக்கும் அருமையான தோல். குதிரை பல வருடம் வாழ்ந்த பிராணி என்பதால் கீறலும் தழும்பும் இருக்கும். சில வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், சிலர் குறை சொல்வார்கள். முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

தனியாக உரித்த ஷெல் வேறு கதை. சிகாகோவில் 1905ல் தொடங்கிய ஹார்வீன் நிறுவனம் அதைப் பதனிட ஆறு மாதமாவது எடுத்துக்கொள்கிறது. ஜப்பானின் ஹிமேஜியிலும் செய்கிறார்கள். அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் விலை உயர்ந்த முதுகுப் பைகளில் பார்க்கலாம். எண்ணெயும் மெழுகும் ஊட்டிய படலம் அது. மேல்தோலே அதில் கிடையாது. மழைத்துளி பட்டாலே புடைத்துத் தழும்பாகும். அதைப் போய் நனைத்துச் செதுக்க வேண்டாம். சாதாரணக் குதிரைத் தோலை 'ஷெல்' என்று சொல்லித் தலையில் கட்டுவதும் நடக்கிறது. மடித்துப் பாருங்கள். சாதாரணத் தோலில் பொடிப் பொடியாகச் சுருக்கம் விழும். ஷெல்லில் அலை போல உருண்டு எழும்.

ஈரமான தோலின் மேல் இரும்புச் சாமானை வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கலம்காரித் துணியில் கடுக்காய்த் துவரும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்பாகிறதே, அதே வித்தைதான் இங்கேயும். ஸ்கேலின் நிழல் அப்படியே நிற்கும். உடனே கவனித்தால் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் காப்பாற்றும்.

ஓரம் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தோல் தூசியை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. எங்கள் தலைமுறை அதைத் தும்மித் தள்ளிவிட்டுப் போனது. இப்போது பட்டறைப் பையன்களிடம் மாஸ்க் விஷயத்தில் சண்டை போடுகிறேன்.

அந்தத் தம்பியின் தோலில் ஒரு தோள்பை தைத்தோம். பெல்ட்டை மாட்டுத் தோலில் செதுக்கிக் கொடுத்தேன். பக்கிளுக்குப் பக்கத்து வளையம் மட்டும் குதிரையில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வைத்துத் தைத்தேன்.