கொறடா: மூன்று வரியா, மூன்று கோடா?

எந்த மாநிலத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தாலும் தொலைக்காட்சியின் அடியில் அந்த வாசகம் ஓடத் தொடங்கிவிடும்: ‘உறுப்பினர்களுக்கு மூன்று வரி கொறடா பிறப்பித்தது கட்சி.’ கொறடா ஓர் ஆள்; தன் கட்சி உறுப்பினர்களை அவைக்கு வரவழைத்து, கட்சி சொன்னபடி வாக்களிக்க வைப்பவர். அவரைப் பிறப்பித்தவர்கள் அவருடைய பெற்றோர். கட்சி பிறப்பிப்பது உத்தரவு. ஆங்கிலத்தில் ஆளுக்கும் உத்தரவுக்கும் ‘விப்’ என்ற ஒரே சொல்தான். அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அதையாவது பொறுக்கலாம். ‘மூன்று வரி’ என்பதைப் பொறுக்க முடியவில்லை. அந்த உத்தரவு மூன்று வரியில் எழுதப்படுவதல்ல. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் கட்சி தன் உறுப்பினர்களுக்கு அனுப்பும் அலுவல் குறிப்பில், முக்கியத்துவத்தைப் பொறுத்து வாசகத்தின் அடியில் கோடு போடுவார்கள். ஒரு கோடு என்றால் வந்தால் நல்லது. இரண்டு என்றால் வந்தாக வேண்டும். மூன்று என்றால் காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வந்து, கட்சி சொன்ன பக்கம் வாக்களிக்க வேண்டும். அடிக்கோட்டை வரியாக்கிவிட்டோம். ‘முக்கோட்டு உத்தரவு’ என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மராத்தியில் ‘கோரடா’ என்றால் சாட்டை. நம் கொறடா அதன் வழி வந்தது. ஆங்கிலச் சொல் நரி வேட்டையில் பிறந்தது. கூட்டத்தைவிட்டு விலகி ஓடும் வேட்டை நாயைச் சாட்டையால் மடக்கிக் கொண்டுவந்து சேர்ப்பவனின் பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், சொல்லைக் கொடுத்த மராத்தியர்கள் அதைச் சட்டமன்றத்துக்குள் விடவில்லை. அவர்களுக்கு இந்தப் பதவி ‘பிரதோத்’. வடமொழியில் தாற்றுக்கோல், அதாவது மாட்டை முடுக்கும் கோல், என்று பொருள். இந்திக்காரர்கள் ‘சசேதக்’, அதாவது எச்சரிப்பவர், என்று நாசூக்காக ஒதுங்கிக்கொண்டார்கள்.

இனி தனித்தமிழ் நண்பர்களிடம் வருகிறேன். கொறடா குறடு என்பதிலிருந்து வந்ததாம்; ஆகவே தமிழேயாம். கொல்லன் உலையில் பழுத்த இரும்பைப் பிடிக்கும் குறடு எங்கே, அடிக்கும் சாட்டை எங்கே? இன்னொருவர் ‘தலைமைச் சவுக்கர்’ என்று எழுதுகிறார். சவுக்கும் பாரசீகத்துச் ‘சாபுக்’ வழி வந்ததே. போதாக்குறைக்கு, கடலோரத் தோப்பில் நிற்கும் மரமும் நினைவுக்கு வருகிறது. ‘சாட்டையர்’ தமிழ்தான், ஆனால் கேட்டவுடன் தெருவில் தன்னையே அடித்துக்கொண்டு காசு கேட்பவர்தான் கண்முன் வருகிறார்.

கொஞ்சம் நின்று மறுக்க வேண்டியது இலங்கை நாடாளுமன்றத்தின் ‘முதற்கோலாசான்’. அழகான ஆக்கம், ஒப்புக்கொள்கிறேன். கோல் சரி. கோலாடக் குரங்காடும் என்ற பழமொழியே நம்மிடம் இருக்கிறது. ஆசான் எதற்கு? ஆசான் கற்றுக்கொடுப்பவர்; கேள்வி கேட்டால் மகிழ்பவர். கொறடாவிடம் கேள்வி கேட்கும் உறுப்பினர் அடுத்த தேர்தலில் டிக்கெட் கேட்க முடியாது. பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ்ச் சொல் எதுவென்று கேட்டால், இராமநாதபுரத்து ஆட்டிடையர் தலைவரான கீதாரியைச் சொல்வேன். வயலில் கிடை போட்ட ஆடுகளில் ஒன்று விலகினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். சட்டமன்றத்தில் இதை யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதும் தெரியும். கீதாரி என்றால் மற்றவர்கள் யார் என்ற கேள்வி வருமே.

ஆக, கொறடாவே இருக்கட்டும். கடன் சொல்தான், ஆனால் ஊர் அறிந்த சொல். ஒரு மாநில அரசியல்வாதியின் ஏற்ற இறக்கமே அதில் தெரிகிறது. திருவிடைமருதூர் உறுப்பினர் கோவி. செழியன் 2021 முதல் அரசு தலைமைக் கொறடாவாக இருந்தார். 2024 செப்டம்பரில் உயர்கல்வி அமைச்சரானார். அதே அமைச்சரவை மாற்றத்தில் அமைச்சர் பதவியை விட்டிறங்கிய குன்னூர் கா. ராமச்சந்திரன் கொறடா நாற்காலிக்கு வந்தார். ஒருவருக்கு ஏணிப்படி, மற்றவருக்கு இறங்குபடி.

சொல்லைச் சரியாக ஆளாததால் வரலாறும் கோணலாகிறது. 2017 செப்டம்பர் 18 அன்று தமிழகத்தில் அ.தி.மு.க.வின் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்தது ‘கொறடா உத்தரவை மீறியதால்’ என்று இன்னும் எழுதுகிறார்கள். அவர்கள் மீறுவதற்கு அவையில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அரசு தலைமைக் கொறடாவாக இருந்த அரியலூர் எஸ். ராஜேந்திரன் பேரவைத் தலைவரிடம் புகார் அளித்தார். தாமாகவே கட்சியைத் துறந்தார்கள் என்ற பிரிவின் கீழ் தகுதிநீக்கம் நடந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் உத்தரவை மீறி வாக்களிப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கொறடா கொடுத்த புகார் வேறு, கொறடா உத்தரவு வேறு. இரண்டையும் ‘கொறடா’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் வாசகருக்கு எப்படி விளங்கும்?

அந்த அடிவரியை இப்படி ஓட்டலாம்: ‘கட்டாயம் வந்து வாக்களிக்கும்படி உறுப்பினர்களுக்குக் கொறடா உத்தரவு.’ மூன்று வரியும் வேண்டாம், மூன்று கோடும் வேண்டாம்.