400 கிராம் துப்பாக்கியும் 5 கிலோ டிரிகரும்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்பது அமெரிக்காவில் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடமாடுவதற்கென்றே வாங்கப்படும் ரிவால்வர். அலுமினியச் சட்டம், 5 தோட்டா, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல். எடை 400 கிராமுக்குச் சற்று மேல். ஆனால் அதன் டிரிகரை முழுக்க இழுக்க 10 முதல் 12 பவுண்டு விசை வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தூக்கும் பலம். துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான விசையை ஒற்றை ஆள்காட்டி விரல் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது துப்பாக்கி அசையவும் கூடாது.

அசைந்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இந்த மாதிரி குட்டி ரிவால்வரில் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 10 சென்டிமீட்டர். டிரிகரை இழுக்கும் அவசரத்தில் முன்குறி 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால், கோணம் நூற்றில் ஒரு பங்கு ரேடியன். 7 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்கில் அது 7 சென்டிமீட்டர் விலகல். 3 மில்லிமீட்டர் ஒதுங்கினால் 21 சென்டிமீட்டர். அதாவது நெஞ்சளவு அட்டையின் ஓரம். குட்டி ரிவால்வர் குறி தவறுவதற்குக் குழல் நீளம் குறைவு என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். குழல் ஒழுங்காகத்தான் இருக்கும். கெடுப்பது பெரும்பாலும் விரல்.

அதனால்தான் இந்தத் துப்பாக்கிகளை வாங்குகிறவர்கள் 'டிரிகர் வழவழவென்று இருக்கிறதா' என்று முதலில் கேட்கிறார்கள். வழவழப்பையும் இலேசையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எத்தனை பவுண்டு என்பது உச்சபட்ச விசையைச் சொல்லும் ஒரே ஒரு எண். வழவழப்பு என்பது அந்த விசை டிரிகரின் முழு ஓட்டத்திலும் எப்படி ஏறி இறங்குகிறது என்கிற வரைகோட்டின் வடிவம். 12 பவுண்டு டிரிகர் சீராக இருக்கலாம், 9 பவுண்டு டிரிகர் திக்கித் திணறலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் முதலாவதை எடுப்பேன்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வரில் தோட்டாவைத் தட்டிப் பற்றவைக்கும் ஹாமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அந்த இழுப்பிலேயே தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டரும் சுழன்றுவிடும். டிரிகருக்கு மிஞ்சுவது தாங்கி நிற்கும் ஹாமரை விடுவிக்கும் வேலை மட்டும், அதற்கு விரல் நுனி போதும். 1851-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் கொண்டுவந்த ரிவால்வரில் கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது. எல்லாவற்றையும் டிரிகரே செய்தது. டபுள் ஆக்ஷன் என்கிற வகையில் முதலில் வெற்றி கண்ட ரிவால்வர்களில் அது ஒன்று. கட்டைவிரலின் மொத்த உழைப்பும் ஆள்காட்டி விரலின் தலையில் வந்து விழுந்தது.

642-இன் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் அந்த உழைப்பு எங்கெங்கே போகிறது என்று தெரியும். டிரிகர் நகரத் தொடங்கியதும், சிலிண்டரைக் கீழிருந்து பூட்டி வைத்திருக்கும் சிறு கொக்கி பள்ளத்திலிருந்து இறங்குகிறது. அடுத்து, டிரிகரோடு இணைந்த ஒரு மெல்லிய தகடு மேலே ஏறி, சிலிண்டரின் பின்புறத்தில் நட்சத்திர வடிவில் வெட்டிய பல்லில் ஒன்றைத் தள்ளுகிறது. 5 அறை என்பதால் ஒவ்வொரு இழுப்புக்கும் 72 டிகிரி சுழற்சி. அதே நேரத்தில் டிரிகரின் இன்னொரு முனை, ஹாமரின் முன்பக்கம் கீல் போட்டு மாட்டியிருக்கும் ஒரு சிறு துண்டைத் தூக்குகிறது. ஹாமர் பின்னால் சாய்கிறது, அதன் பின்னே இருக்கும் சுருள் ஸ்பிரிங் இறுகுகிறது. பாதி வழிக்கு மேல் போனதும் அந்தச் சிறு துண்டு விலகிக்கொள்ள, டிரிகர் நேரடியாக ஹாமரின் அடிப்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. ஒரு கை மாற்றம் போல. உற்றுக் கவனித்தால் இந்த இடத்தில் விரலுக்கு ஒரு மெல்லிய படி தட்டுப்படும். கடைசியில் டிரிகரின் முனை வழுக்க, ஹாமர் முன்னே பாய்கிறது. அதற்குள் சிலிண்டர் அடுத்த பள்ளத்துக்கு வந்து கொக்கியில் பூட்டியிருக்க வேண்டும். பூட்டாவிட்டால் தோட்டாவும் குழலும் நேராக நிற்காது.

5 அறை வைத்ததில் ஒரு மறைமுக ஆதாயமும் உண்டு. ஒற்றைப்படை எண் என்பதால், ஒரு அறை உச்சியில் குழலுக்கு நேராக நிற்கும்போது அதற்கு நேர் கீழே அறை வராது. இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள தடித்த உலோகம்தான் வரும். பூட்டுப் பள்ளத்தை அங்கே தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். 6 அறை என்றால் அந்த இடத்தில் அறையின் மெல்லிய சுவர் வந்து நிற்கும், பள்ளத்தைக் கொஞ்சம் ஒதுக்கித்தான் வெட்ட வேண்டும்.

விரல் இத்தனைக்கும் செலவிடும் ஆற்றல் பெரிதில்லை. சராசரி விசையை ஓட்டத்தின் நீளத்தால் பெருக்கினால் ஒரு ஜூலுக்கும் குறைவாகத்தான் வரும். ஆனால் அதில் ஒரு பகுதியை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்க முடியாது. தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரை நசுக்கிப் பற்றவைக்க ஹாமருக்கு ஒரு குறைந்தபட்ச அடி வேண்டும். பெரிய ரிவால்வரில் ஹாமர் கனமானது, வெகு தூரம் ஊசலாடுகிறது. ஆகவே ஸ்பிரிங் கொஞ்சம் மிருதுவாக இருந்தாலும் அடி போதுமானதாக விழும். குட்டி ரிவால்வரில் ஹாமரும் சின்னது, அது சாய்வதற்கு இடமும் குறைவு. அதே அடியைக் குறுகிய தூரத்தில் எடுக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க டிரிகர் கடினமாவது தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் இல்லை. இயற்பியல் கேட்கும் விலை அது.

'டிரிகர் கிட்' என்று மிருதுவான ஸ்பிரிங்குகளைக் கடையில் விற்கிறார்கள். போட்டால் இழுப்பு குறையும் என்பது உண்மை. கூடவே பிரைமர் கடினமான ஒரு தோட்டாவில் ஹாமர் தட்டி, வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் கேட்கும் வாய்ப்பும் வரும். உயிர்காப்புக்கென்று தூக்கிக்கொண்டு திரியும் ஒரு பொருளில் இந்தப் பேரத்துக்கு நான் போகமாட்டேன். இதே காரணத்தால்தான் .22 தோட்டாவுக்கான குட்டி ரிவால்வர்களின் டிரிகர் பலருக்கும் ஏமாற்றம் தருகிறது. தோட்டா சின்னது, உதைப்பும் இல்லை, டிரிகரும் இலேசாக இருக்கும் என்று நினைத்து வாங்குவார்கள். .22-இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது. உறையின் விளிம்பையே நசுக்கியாக வேண்டும். அதற்கு இன்னும் பலமான அடி தேவை.

ஆக, மொத்த வேலையைக் குறைக்க முடியாது. பங்கீட்டை மாற்றலாம்.

ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு எதிர்ப்பு கூடும் என்பது ஹூக் விதி. அதை அப்படியே விரலுக்குக் கடத்தினால் ஓட்டத்தின் கடைசியில்தான் விசை உச்சத்துக்குப் போகும். ஹாமர் விடுபடும் கணமும் அதேதான். குறி அசையவே கூடாத நேரத்தில் விரல் அதிகபட்சமாகத் திணறும். துப்பாக்கிக்காரர்கள் இதை ஸ்டேக்கிங் என்பார்கள். 1927-இல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் போன்ற பழைய கோல்ட்கள் இதற்குப் பேர்போனவை: V வடிவத் தகட்டு ஸ்பிரிங், தொடக்கத்தில் வெண்ணெயாக இருக்கும், முடிவில் சுவரில் முட்டியது போல நிற்கும். 1950-இல் சீஃப்ஸ் ஸ்பெஷல் வழியாக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தொடங்கிய ஜே-ஃப்ரேம் வரிசை சுருள் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டது. 642-உம் அந்தக் குடும்பம்தான். ஓட்டம் கோல்டைவிட ஒரே மாதிரியாக இருக்கும், ஆனால் முழுக்கக் கனம்.

2009-இல் ரூகர் நிறுவனம் எல்.சி.ஆர். என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தபோது இந்த வரைகோட்டையே கையில் எடுத்துக்கொண்டது. டிரிகரும் ஹாமரும் தொட்டுக்கொள்ளும் இடத்தை ஒரு கேம் (cam), அதாவது வளைந்த விளிம்புள்ள நெம்புத் துண்டு போல வளைவாக வடிவமைத்தார்கள். தொடும் புள்ளி நகர நகர நெம்புகோலின் விகிதம் மாறிக்கொண்டே வரும். ஸ்பிரிங் மிருதுவாக இருக்கும் தொடக்கத்தில் விரலுக்கு ஆதாயம் குறைவு, ஸ்பிரிங் முரண்டு பிடிக்கும் முடிவில் ஆதாயம் அதிகம். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால் விசை மெல்ல ஏறி, பெரிய மலையாக நிமிராமல் போகிறது. அளவுமானியில் 642-க்கும் எல்.சி.ஆருக்கும் தெரியும் வித்தியாசத்தைவிட விரலுக்குத் தெரியும் வித்தியாசம் பெரிது. டிரிகர் பொருந்திய கீழ்ப்பகுதி முழுக்கப் பாலிமர் என்பதைப் பார்த்து ஆரம்பத்தில் முகம் சுளித்த ரிவால்வர் ரசிகர்களில் பலர், ஒருமுறை இழுத்துப் பார்த்தபின் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கான மாடலின் எடை 383 கிராம்தான்.

வரைகோட்டின் வடிவத்தை வளைவு தீர்மானிக்கிறது என்றால், அதன் மேலுள்ள நடுக்கத்தைத் தீர்மானிப்பது உராய்வு. ஓய்வு நிலை உராய்வு இயக்க நிலை உராய்வைவிடக் கூடுதல். மெதுவாக இழுக்கும்போது ஒரு பரப்பு ஒட்டிக்கொண்டு, பிறகு வழுக்கி, மறுபடி ஒட்டும்; மழைக்காலத்தில் ஊறிப்போன மர இழுப்பறை வருவது மாதிரி. 642-இல் இதற்கு முக்கிய இடம், டிரிகரைத் திரும்பத் தள்ளுவதற்காக அதன் பின்னே ஓடும் ஒரு சதுரக் கட்டை. சட்டத்தின் தரையோடு உரசியபடிதான் அது முன்னும் பின்னும் போகும். இயந்திரத்தில் வெட்டிய தழும்புகள் அந்தத் தரையில் மிச்சமிருந்தால் ஒவ்வொரு தழும்பும் விரலுக்கு வந்து சேரும். ஒரே மாடலின் இரண்டு துப்பாக்கிகள் வேறு வேறு மாதிரி இருப்பது இதனால்தான். சில நூறு இழுப்புகளுக்குப் பிறகு தழும்புகள் தேய்ந்து சொரசொரப்பு குறைவதும் இதனால்தான். தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகுவது விரலுக்கும் நல்லது, பாகங்களுக்கும் நல்லது. தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரை இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டுச் செய்ய வேண்டிய காரியம். .22-இல் மட்டும் சிலிண்டரின் அறைகள் காலியாக இருக்கும்போது இழுக்கக் கூடாது. தோட்டாவைக் குத்தும் ஊசி அறையின் விளிம்பையே குத்திக் கெடுக்கக்கூடும்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: அனுமதி கேட்டுவிட்டு, காலித் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து மிக மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லா டிரிகரும் நல்லதாகத்தான் தெரியும். உச்ச விசை எந்த இடத்தில் வருகிறது, ஹாமர் விழும்போது முன்குறி துள்ளுகிறதா என்று கவனியுங்கள். பிறகு டிரிகர் திரும்பி வருவதையும் பாருங்கள், பலர் இதை மறந்துவிடுவார்கள். திரும்புதல் சோம்பலாக இருந்தால், அவசரத்தில் விரல் முழுக்க விடாமலே அடுத்த இழுப்பைத் தொடங்கிவிடும், சிலிண்டர் சுழலும் ஆனால் சுடாது. எல்.சி.ஆரில் முழுக்கத் திரும்புவதற்கு முன்பே ஒரு சிறு கிளிக் கேட்டு ஏமாற்றும் என்று அதைப் பயன்படுத்துவோர் பலர் சொல்கிறார்கள். வழவழப்புக்கு அது கொடுத்த விலை.

கடினமான டிரிகரை வெறும் குறையாகப் பார்ப்பதும் தப்பு. இந்த ரிவால்வர்களில் தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. நீண்ட, கனமான இழுப்புதான் பாதுகாப்பு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விற்கும் கைத்துப்பாக்கியைச் சராசரி ஐந்து வயதுக் குழந்தையால் இயக்க முடியக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதற்கான வழிகளில் ஒன்றாக அது சொல்வது 10 பவுண்டு டிரிகரை. 642-இல் ஹாமர் முழுக்க மூடிய கூட்டுக்குள் இருப்பதால் பாக்கெட்டில் துணி சிக்காது, கட்டைவிரலால் பின்னிழுத்து இலேசான இழுப்புக்கு மாற்றவும் முடியாது. டிரிகரை மூடும் உறை இல்லாமல், சாவிக்கொத்தோடு சேர்த்துப் பாக்கெட்டில் போட்டால் 12 பவுண்டும் காப்பாற்றாது, அது வேறு விஷயம்.

அப்புறம் எடை. .38 ஸ்பெஷலின் வழக்கமான 10 கிராம் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து போனாலும் ஏறக்குறைய அதே உந்தத்தைப் பின்னால் விட்டுச்செல்லும். துப்பாக்கியின் எடை பாதியானால் கையில் வந்து மோதும் ஆற்றல் இரண்டு மடங்கு. ஸ்கேண்டியம் என்ற உலோகம் கலந்த அலுமினியத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த 340பிடி சுமார் 335 கிராம், அதில் .38-ஐவிடப் பலமான .357 மேக்னம் தோட்டாவைச் சுடலாம் என்று பெருமையாக எழுதியிருக்கும். சுடலாம்தான். உதைப்பில் சிலிண்டரில் மிச்சமுள்ள தோட்டாக்களின் குண்டுகளே உறையிலிருந்து முன்னே நகர்ந்து, சிலிண்டரைச் சுழலவிடாமல் முட்டுக்கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. முதல் பெட்டித் தோட்டாவிலேயே கை கூசிப்போய், அடுத்த இழுப்பில் விரல் தானாகப் பதறத் தொடங்கினால் எந்த வழவழப்பான டிரிகரும் உதவாது. .32 எச் அண்ட் ஆர் மேக்னம் என்ற மெலிந்த தோட்டாவுக்கான மாடல்கள் சமீபத்தில் மறுபடி பேசப்படுவது இதனால்தான்: அதே உடம்பில் 6 தோட்டா, உதைப்பு கணிசமாகக் குறைவு.

அனுபவசாலிகள் பலர் இதற்கு இரண்டு துப்பாக்கி வழியைச் சொல்வார்கள். பாக்கெட்டுக்கு அலுமினிய 642. பயிற்சி மைதானத்துக்கு, அதே ஜே-ஃப்ரேம் உள்ளமைப்போடு 600 கிராமைத் தாண்டும் எஃகு மாடல் 60. விரல் கற்றுக்கொள்வது ஒரே டிரிகரை, கை வாங்கிக்கொள்வது குறைந்த உதையை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு எல்.சி.ஆருக்கு, .357-இல் வேண்டாம், .38-இல். அந்தத் திரும்பும் கிளிக்கை மட்டும் முதல் வாரத்திலேயே, காலித் துப்பாக்கியில், விரலுக்குப் பழக்கிவிட வேண்டும்.