நாலாயிரம் படங்களைப் புடைத்தெடுத்தல்

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல் அந்தரத்தில் சிறகடித்து நின்று, கண்ணிமைக்கும் நேரத்தில் நீருக்குள் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் படம்பிடிக்க முயன்றவர்களுக்கு, வெயில் ஏறுவதற்குள் மெமரி கார்டில் 4,000 படங்கள் சேர்ந்துவிடுவது வியப்பாக இராது. நொடிக்கு 20 படங்கள் எடுக்கும் கேமராவில் அதற்கு 200 நொடிகள் போதும். அவற்றில் தேறுபவற்றைப் பொறுக்கி மற்றவற்றைக் கழிக்க உட்காரும்போது, ஒவ்வொரு படமும் கணினித் திரையில் தெளிவதற்கு 3 நொடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால், வெறும் காத்திருப்பே 3 மணி 20 நிமிடத்தை விழுங்கிவிடும்.

இந்தத் தாமதத்திற்குக் காரணம், சென்சார் பதிந்த தரவைப் படமாக மாற்றாமல் சேமிக்கும் 'ரா' கோப்பின் இயல்பே. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தின் ஒளியளவை மட்டுமே பதிகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற இந்த வடிகட்டி அமைப்பில், விடுபட்ட மற்ற இரு நிறங்களையும் அண்டைப் பிக்சல்களிலிருந்து மென்பொருள்தான் கணித்து நிரப்ப வேண்டும். கழிக்கப்போகும் படத்திற்கும் அதே கணக்குதான்.

ஆனால் கேமரா, தன் பின்திரையில் காட்டுவதற்கென்று, அதே கோப்புக்குள் ஒரு ஜேபெக் படத்தையும் பொதிந்து வைக்கிறது. போட்டோ மெக்கானிக் போன்ற மென்பொருள்கள் கணக்கில் இறங்காமல் அந்தப் படத்தை அப்படியே எடுத்துக் காட்டுவதால்தான் அவ்வளவு வேகமாக இயங்குகின்றன. லைட்ரூம் கிளாசிக்கிலும் இறக்குமதியின்போது 'எம்பெடட் அண்ட் சைட்கார்' என்னும் முன்தோற்ற வகையைத் தேர்ந்தால் இதே வசதி கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பொதிந்த படத்தில் வெளுத்துத் தெரியும் இறகுகளின் நுணுக்கம் ரா கோப்பில் மீட்கத்தக்கதாக இருக்கலாம். ஆகவே வெளிச்சத்தையோ நிறச் சாய்வையோ காரணம் காட்டி இந்தக் கட்டத்தில் எதையும் கழிப்பது அவசரமாகும்.

கழிக்க வேண்டியது, பின்னால் சரிசெய்ய முடியாத பிழையை. அதில் முதலாவது கண்ணின் ஃபோகஸ். 8256 × 5504 பிக்சல் கொண்ட படத்தை 1920 × 1080 திரைக்குள் முழுதாகச் சுருக்கும்போது, திரையின் ஒரு புள்ளிக்குள் ஏறத்தாழ 26 பிக்சல்கள் கலந்துவிடுகின்றன. மூன்று நான்கு பிக்சல் அளவிலான மங்கல் அந்தக் கலவையில் மறைந்துபோகும். சுருங்கிய நிலையில் எல்லாப் படமும் கூர்மையாகத் தெரிவது இதனால்தான். எனவே படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு புள்ளியாகத் தெரியும் 100 விழுக்காடு அளவுக்குக் கண்ணின் மீது பெரிதாக்கி, அந்த நிலையிலேயே அடுத்தடுத்த படங்களுக்கு நகர்வது நல்லது. சில கேமராக்கள் சிறிய ஜேபெக்கையே பொதிகின்றன. அவற்றுக்கு 1:1, அதாவது முழு அளவு முன்தோற்றங்களை உருவாக்கும்படி லைட்ரூமைப் பணித்துவிட்டுச் சாப்பிடப் போவதே நேர்வழி.

ஃபோகஸ் சரியாக இருந்தும் கண் பால்போல வெளிறித் தெரிந்தால், அது பறவையின் மூன்றாம் இமை மூடிய கணமாக இருக்கக்கூடும். அடுத்த படம் 50 மில்லி நொடி தள்ளியே இருப்பதால், அதில் விழி திறந்திருக்க வாய்ப்புண்டு.

விசைகளைப் பொறுத்தவரை, லைட்ரூமில் 'பி' ஏற்கும், 'எக்ஸ்' கழிக்கும். கேப்ஸ் லாக்கைப் போட்டுவைத்தால் முடிவைப் பதிந்தவுடன் அடுத்த படம் தானே வரும். முதல் சுற்றில் ஒப்பிடவே கூடாது என்பது என் கருத்து. ஒரே பாய்ச்சலின் மிஞ்சிய படங்களை இரண்டாம் சுற்றில் 'என்' விசையால் அருகருகே பரப்பி, சிறகும் அலகும் அமைந்த விதத்தைப் பார்த்து ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாம். 'எக்ஸ்' இட்டவை வட்டிலிருந்து தாமாக அழிவதில்லை. நீக்கும் கட்டளையைத் தனியே தர வேண்டும் என்பதால், மனம் மாறுவதற்கு ஓர் இரவு அவகாசமும் இருக்கிறது.