பார்த்தே இராத ஒருவருக்காக ஏன் அழுகிறோம்?

2020 செப்டம்பர் 25 அன்று பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் சென்னையில் காலமானார். இரண்டு வாரம் கழித்து, நடுத்தர வயதுப் பெண் ஒருவரை அவருடைய கணவர் என்னிடம் மனநல ஆலோசனைக்கு அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "பெத்த அப்பா போனப்பகூட இவ அழல மேடம். முன்னபின்ன பார்க்காத பாட்டுக்காரருக்கு ராத்திரி பகலா அழறா" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயமே மிகுந்திருந்தது.

அப்பா இறந்தது அதே ஆண்டு ஜூலையில், கொரோனாவால். உடல் வீட்டுக்கு வரவில்லை; பதினாறாம் நாள் காரியத்துக்கும் ஆள் சேரவில்லை. அவரைப் பற்றிக் கேட்டபோது வறண்ட குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், பாட்டைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியைப் போட்டுவிட்டுச் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடும் அப்பா, எஸ்.பி.பி. ஓர் அடியை நீட்டிப் பாடும் இடம் வந்தால் கையை நிறுத்தி, "எங்க மூச்சு வாங்குறார்னு கண்டுபிடி பார்ப்போம்" என்று மகளிடம் கேட்பாராம். மூச்சு என்ற சொல்லைத் தாண்டி அவரால் பேச முடியவில்லை. இருவருமே செயற்கைச் சுவாசத்தில் இருந்து இறந்தவர்கள்.

கிராமத்து இழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும் பெண்கள், தத்தம் வீட்டில் போனவர்களையும் சேர்த்தே ஒப்பாரி வைப்பார்கள். அதைப் போலி என்று நம் ஊரில் யாரும் சொன்னதில்லை. பிரபலம் ஒருவர் மறையும்போது ஊரே இழவு வீடாகிறது. அழ இடமின்றி உள்ளே கிடந்த துக்கத்துக்கு அங்கே இடம் கிடைத்துவிடுகிறது. அதற்காக எல்லாக் கண்ணீரும் வேறொருவருக்கானது என்று சொல்லிவிட முடியாது. திரையிலும் வானொலியிலும் நாள்தோறும் வருபவரோடு நமக்கு ஏற்படும் ஒருவழி உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். அரை நூற்றாண்டாக வீட்டுக்குள் ஒலித்த குரல் நின்றுபோவது உண்மையான இழப்புதான். ஆகவே, "அவர் யார், நீ யார்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள், "யார் ஞாபகம் வருகிறது?" என்று கேளுங்கள்.

கவலைப்பட வேண்டிய நிலையும் உண்டு. வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் கெட்டாலோ, வேலைக்குச் செல்ல முடியாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். "நானும் போய்விடுகிறேன்" என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது துயரம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. அரசின் 104, 14416 ஆகிய எண்களை எந்நேரமும் அழைக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு மருந்து தேவைப்படவில்லை. மறு ஆண்டு அப்பாவின் திவசத்துக்குச் சொந்தக்காரர்கள் அனைவரையும் கூப்பிட்டிருந்தார். அன்று பழைய வானொலியைத் துடைத்துப் படத்தின் அருகில் வைத்தவர் அவருடைய கணவர்.