பக்கத்து வீட்டில் ஒரு திறப்பு இருக்கட்டும்

போன கார்த்திகை மழைக்குள் யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம் தனியே இருக்கும் ஓர் அம்மா கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்துவிட்டார். வயது 80 தாண்டியவர். விழுந்தது காலை 11 மணிக்கு. வீட்டைச் சுற்றி 4 கமரா. ஆனால் கனடாவில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. மகன் நித்திரையால் எழும்பிப் போனைப் பார்த்தபோது இங்கே பின்னேரம் நாலரை. அவர் எடுத்துச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தால், கேற் உள்ளால் பூட்டு, மதில் ஆளுயரம். ஏணி வைத்து உள்ளே குதித்துத்தான் 1990 என்ற அவசர இலக்கத்துக்கு எடுத்து வந்த அம்புலன்சுக்குக் கேற்றைத் திறந்துவிட்டார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஐந்தரை மணித்தியாலம் அந்த ஈரத்தில் கிடந்திருக்கிறார்.

வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் தாதி நான். இப்படிப் பார்த்த முதல் ஆள் இவர் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னரே இந்த அம்மாவிடம் ஊர் முதியோர் சங்கத்தில் சேருங்கள், உதவிக்கு ஆள் ஒழுங்கு செய்வோம் என்று சொல்லியிருந்தேன். “அது ஆக்களில்லாத சனத்துக்கு, மிஸி. எனக்கு மூண்டு பிள்ளையள் இருக்கினம்” என்றார். மகனும் போனில், “எவ்வளவு காசெண்டாலும் அனுப்பிறன். ஆனால் பிள்ளையள் கைவிட்டிட்டினம் எண்டு ஊர் கதைக்கும்” என்றார்.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. “முதியோர்” என்ற சொல் காதில் விழுந்தாலே எங்கள் சனத்துக்குக் கைதடி முதியோர் இல்லந்தான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது. அம்மா தன் வீட்டிலேயே, தன் குசினியிலேயே, தன் சாமி அறைக்குப் பக்கத்திலேயே கடைசிவரை இருக்கத்தான் இந்த உதவி. இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தில் முதியவர் என்றால் 60 வயதை அடைந்தவர், அவ்வளவுதான். பிள்ளை இருக்கிறதா, எந்த நாட்டில் இருக்கிறது என்று அது கேட்கவில்லை. முன்பு ஒழுங்கையில் நாலு வீட்டுப் பெண்கள் வந்து தலை முழுக வார்த்துவிட்டுப் போவார்கள். அதை யாரும் கைவிட்டதாகச் சொன்னதில்லை. இன்று அந்த நாலு வீட்டில் மூன்று பூட்டிக் கிடக்கிறது. அதனால்தான் ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கிறது. உண்மையில் எனக்குக் கூடுதல் பயம் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களை நினைத்துத்தான். அவர்களுக்கு என்ன குறை என்று நினைத்து ஒருவரும் கேற்றைத் தட்டுவதில்லை.

சரி, யாரிடம் கேட்பது? கிராம சேவையாளரிடம் தொடங்குங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். முதியோர் அடையாள அட்டையையும் அங்கேயே விசாரியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் உண்டா என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் கிடைப்பது வேறுபடும், ஆனால் கேட்காத வீட்டுக்கு ஒன்றும் வராது. கோயிலுக்குப் போகிற வழியில் தினமும் ஒருவர் எட்டிப் பார்ப்பதும் பெரிய உதவிதான். கேற் பூட்டின் ஒரு திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். இன்றைக்கே.

காசு கொடுத்து ஆள் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து அம்மாவைப் படுக்க வைத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். பத்து நாள் படுத்தாலே காலில் உள்ள பலம் குறைந்துவிடும். வருகிறவர் கையைப் பிடித்து விறாந்தையில் நடத்தட்டும், தேத்தண்ணியை அம்மாவே ஆற்றட்டும். கக்கூசில் பிடிக்கக் கம்பி பூட்டுங்கள். கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவுங்கள். இரவில் கட்டிலடியில் ஒரு லைற் எரியட்டும்.

நான் ஒரு வீட்டுக்குப் போனால் பிறஷர் பார்ப்பதற்கு முன் கால் நகத்தைப் பார்ப்பேன். வெட்டாமல் வளர்ந்திருந்தால், குனிய முடியவில்லை, சொல்லவும் வெட்கம் என்று அர்த்தம். போனில் “சுகமாய் இருக்கிறன்” என்று சொல்கிற அதே அம்மாதான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களால் நகத்தைப் பார்க்க முடியாது. ஆனால் கமரா இருக்கிறதே. உதவிக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கும் நேரமாகப் பார்த்து, “அம்மா, கையை ஊன்றாமல் கதிரையில இருந்து ஒருக்கா எழும்புங்கோ பாப்பம்” என்று கேளுங்கள். முடியாவிட்டால் அடுத்த போனை கிராம சேவையாளருக்கு எடுங்கள்.